லால்வின் ஈஸ்ட் பாக்கெட்டுகள்: ஐந்தில் எது எந்தச் சாற்றுக்கு?

டொரண்டோவிலோ லண்டனிலோ வீட்டு ஒயின் சாமான் விற்கிற கடைக்குள் போய் "ஈஸ்ட் ஒன்று கொடுங்க" என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது லால்வின் இசி-1118. 23 லிட்டர் ஒயின் கிட் (சாறும் தேவையான பொடிகளும் சேர்ந்து வரும் பெட்டி) வாங்கினாலும் பல பெட்டிகளுக்குள் அதே பாக்கெட்தான் கிடக்கும். கெட்ட சரக்கு அல்ல. எதைப் போட்டாலும் புளிக்க வைத்துவிடும், பாதியில் நிற்காது, சீக்கிரம் தெளியும். கடைக்காரருக்குப் புகார் வராத ஈஸ்ட் அது. ஆனால் பழத்தின் மணம் வேண்டும் என்பதற்காகவே பழம் வாங்கி ஒயின் போடுகிறவருக்கு அது முதல் தேர்வாக இருக்கக்கூடாது. அதே அலமாரியில், அதே விலையில் இன்னும் நான்கு பாக்கெட்டுகள் தொங்குகின்றன: 71பி, கே1-வி1116, டி47, ஆர்சி212. ஐந்தையும் எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக்கூடாது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்றால் அனுமதி இருக்கிற கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் இருக்கிறவர்களுக்கே இது.

லால்வின், கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த லாலமண்ட் நிறுவனம் ஈஸ்ட் விற்கிற வணிகப் பெயர். பாக்கெட் 5 கிராம். விலை சில டாலர்தான். ஐந்தும் பார்வைக்கு ஒரே ஜாடையில் இருப்பதால் பெயரைப் படித்து எடுக்க வேண்டும். 4.5 முதல் 23 லிட்டர் வரை ஒரே பாக்கெட் என்றால் பலருக்குச் சந்தேகம் வரும். கணக்கு எளிது. ஒயின் ஆலைகளில் 100 லிட்டருக்கு 25 கிராம் ஈஸ்ட் போடுகிறார்கள், அதாவது 20 லிட்டருக்கு 5 கிராம். 23 லிட்டர் கார்பாய்க்கு (வாய் குறுகிய பெரிய ஜாடி) ஒன்று போதும், சர்க்கரை கூடுதலாக இருந்து ஹைட்ரோமீட்டர் காட்டும் ஆரம்ப அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.100-ஐத் தாண்டினால் இரண்டு போடுங்கள். 4.5 லிட்டர் ஜாடிக்கு ஒன்று என்பது தேவையைப்போல நாலு மடங்கு, ஆனாலும் முழுசாகவே போட்டுவிடுங்கள். திறந்த பாக்கெட்டில் ஈரக்காற்று பட்டால் மிச்ச ஈஸ்ட் சீக்கிரம் வீரியம் இழக்கும். பாதியை மடித்து கிளிப் மாட்டி அடுத்த மாதத்துக்கு வைப்பது கஞ்சத்தனத்தில் நஷ்டம்.

இசி-1118

ஷாம்பெயின் பகுதியிலிருந்து எடுத்த ரகம். 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும், 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும். நுரை குறைவு, தீனியும் (நைட்ரஜன் சத்து) குறைவாகவே கேட்கும், முடிந்ததும் மண்டி அடியில் கெட்டியாகப் படியும். குளிர்காலத்தில் 13, 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிற நிலவறையில் வேறு ஈஸ்ட் தூங்கும்போது இது மட்டும் முனகிக்கொண்டு ஓடும்.

இந்த முரட்டுத்தனத்துக்குக் காரணம் அதன் மரபணுவிலேயே இருக்கிறது. 2009-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தபோது, வேறு ஈஸ்ட் இனங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மூன்று பெரிய துண்டுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் பிரக்டோஸை உள்ளே இழுக்க உதவும் மரபணு இருக்கிறது. ஒயின் ஈஸ்ட் பொதுவாக குளுக்கோஸை முதலில் தின்னும், கடைசியில் மிஞ்சுவது பிரக்டோஸ். ஆல்கஹால் ஏறி, தீனி தீர்ந்து, எல்லா ஈஸ்டும் தள்ளாடுகிற அந்தக் கட்டத்தில் பிரக்டோஸைப் பிடிக்கத் தெரிந்தது முடித்துக் காட்டுகிறது.

குறை என்ன? வாசனை விஷயத்தில் இது ஊமை. பழத்தில் இருப்பதைக் கெடுக்காது, தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்காது. 25 டிகிரிக்கு மேல் விட்டால் ஒரு வாரத்துக்குள் மூச்சு விடாமல் ஓடி முடித்துவிடும். அந்த வேகத்தில் கிளம்பும் வாயு, இருக்கிற மணத்தையும் ஏர்லாக் (வாயுவை மட்டும் வெளியே விடும் மூடிக் குழாய்) வழியே கொண்டுபோகும். அறை முழுக்க ஸ்ட்ராபெரி மணக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டும், அறையில் மணப்பது கிளாஸில் இருக்காது. இதைப் பழ ஒயினுக்குப் போட்டே தீர வேண்டும் என்றால் 15 முதல் 18 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல். தீனி குறைந்தால் இது தானே லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை சல்பர் டை ஆக்சைடு உண்டாக்கும், சிவப்பு ஒயினில் மாலோலாக்டிக் பாக்டீரியா (புளிப்பான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது) விட நினைப்பவர்களுக்கு அது இடைஞ்சல். அடுத்தது பாட்டிலில் அடைத்த பிறகு வருவது. 12 சதவீதத்தில் முடிந்த ஒயினை இனிப்பாக்க மேலே சர்க்கரை போட்டால், 18 வரை தாங்குகிற ஈஸ்ட் மறுபடி எழுந்து உட்காரும். பாட்டிலில் அடைத்த பிறகு அது நடந்தால் கார்க் தெறிக்கும், மோசமாகப் போனால் கண்ணாடியே வெடிக்கும். இனிப்பு வேண்டுமானால் ஒயின் முழுசாகத் தெளிந்து, மண்டியிலிருந்து வடித்து மாற்றிய பிறகு, லிட்டருக்கு 0.2 கிராம் பொட்டாசியம் சார்பேட்டும், 4.5 லிட்டருக்கு ஒரு கேம்டன் மாத்திரையும் (சல்பர் டை ஆக்சைடு தருவது) சேர்த்து, சில நாள் பொறுத்து, அப்புறம் சர்க்கரை. சார்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும், அவ்வளவே. ஓடிக்கொண்டிருக்கிற நொதித்தலை அது நிறுத்தாது. மாலோலாக்டிக் பாக்டீரியா ஓடிய ஒயினில் சார்பேட் போடவே வேண்டாம், ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடை வரும், அதைப் போக்க வழி கிடையாது.

இதற்கு உரிய இடங்கள் எவை என்றால்: நுரைக்கும் ஒயின், 15 சதவீதத்துக்கு மேல் போகிற கனமான ஒயின், குளிர்ந்த அறை, பாதியில் நின்றுபோனதை எழுப்புவது. நுரைக்கும் ஒயினுக்கு ஒரு கணக்கு: பாட்டிலில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ 1 அட்மாஸ்பியர் அழுத்தம் தரும். வீட்டில் 12 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் தடித்த ஷாம்பெயின் பாட்டிலில் மட்டும். சாதாரண ஒயின் பாட்டில் தாங்காது.

71பி

பழ ஒயினுக்கு ஒரே ஒரு பாக்கெட்தான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள். பிரான்சின் நார்போனில் உள்ள வேளாண் ஆய்வு நிலையம் தேர்ந்தெடுத்தது. வாழைப்பழம், பேரிக்காய் சாயலில் பழ மணத்தைத் தானே உண்டாக்கும். அதைவிட முக்கியம், சாற்றில் உள்ள மாலிக் அமிலத்தில் 20 முதல் 40 சதவீதம் வரை தின்றுவிடும்.

ஆப்பிள், பிளம், செர்ரி, ருபார்ப் எல்லாவற்றிலும் புளிப்புக்கு முக்கியக் காரணம் மாலிக் அமிலம். லிட்டருக்கு 6 கிராம் மாலிக் இருக்கிற சாற்றில் 71பி விட்டால் 1.2 முதல் 2.4 கிராம் வரை குறையும். நாக்கில் அது நன்றாகவே தெரியும். பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல் கூசுகிற ஒயின், சில மாதங்களிலேயே குடிக்கிற பதத்துக்கு வரும். ஈஸ்ட் இந்த அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றுகிறதே தவிர லாக்டிக் அமிலமாக அல்ல, ஆகவே பாக்டீரியா விட்டால் வருகிற வெண்ணெய் வாடையும் கிடையாது.

அதே குணம் தப்பான பழத்தில் கேடு. ஏற்கெனவே புளிப்பு குறைந்த சாற்றில் போட்டால் ஒயின் சப்பென்று ஆகும், பிஎச் ஏறும், பிஎச் ஏறினால் கேம்டன் மாத்திரையின் பாதுகாப்பும் பலவீனப்படும். இனிப்பு ரக ஆப்பிள் சாறு என்றால் முடிந்த பிறகு ருசி பார்த்து, லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் கரைத்துச் சரிசெய்யலாம்.

செய்து பார்க்க எளிதான வழி கடை ஆப்பிள் சாறு. 4.5 லிட்டர் ஜாடிக்கு 4 லிட்டர் சாறு எடுங்கள். லேபிளில் பொட்டாசியம் சார்பேட்டோ சோடியம் பென்சோயேட்டோ இருக்கக்கூடாது, இருந்தால் எந்த ஈஸ்டும் எழாது. வைட்டமின் சி இருந்தால் பரவாயில்லை. இத்தகைய சாறு பொதுவாக 1.045 முதல் 1.050 வரை காட்டும், அப்படியே விட்டால் 6 சதவீதத்தை ஒட்டிய சைடர்தான் வரும். ஒயின் ஆக்க 1.085-க்கு ஏற்ற வேண்டும். 1 லிட்டரில் அடர்த்தி 0.001 ஏற ஏறத்தாழ 2.6 கிராம் சர்க்கரை வேண்டும் என்பது கணக்கு. 4 லிட்டருக்கு 400 கிராம் கரைத்து, அளந்து, குறைந்தால் இன்னும் கொஞ்சம். பழத்தின் பெக்டினை உடைத்து ஒயின் தெளிய உதவும் பெக்டிக் என்சைம் ஒரு டீஸ்பூன். ஈஸ்ட் போட்டு 18 முதல் 20 டிகிரியில் வையுங்கள். 0.995-ஐ ஒட்டி இறங்கி நின்றதும் மண்டியிலிருந்து வடித்து மாற்றிவிட வேண்டும். இந்த ஈஸ்டின் மண்டிமேல் மாதக்கணக்கில் கிடக்கவிட்டு ருசி ஏற்றலாம் என்று எண்ண வேண்டாம், அதற்கு டி47 இருக்கிறது.

14 சதவீதம்தான் தாங்கும் என்பார்கள். அதை நம்பி 16-க்கான சர்க்கரையைக் கொட்டி, "2 சதவீதம் இனிப்பு தானே மிஞ்சும்" என்று கணக்குப் போடாதீர்கள். நன்றாகத் தீனி கிடைத்த 71பி அந்த எல்லையைத் தாண்டிவிடுவது உண்டு. கிடைக்காதது 12-இலேயே படுத்துவிடும். தாங்கும் அளவு என்பது உத்தேசம், பூட்டு அல்ல.

கே1-வி1116

மோன்பெலியேவில் 1972-இல் பியர் பார் பிரித்தெடுத்த ரகம். இதன் விசேஷம் கொலைக் குணம். மற்ற சாக்கரோமைசிஸ் (ஒயின் ஈஸ்டின் இனம்) ஈஸ்ட்களைச் சாகடிக்கும் ஒரு புரதத்தை வெளியிடும். கழுவியும் போகாத காட்டு ஈஸ்டோடு வருகிற பழத்துக்கு, கேம்டன் போட விரும்பாதவர்களுக்கு, இது காவல். 71பி இதன் விஷத்துக்குப் பலியாகிற ரகம் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு "இதிலிருந்து மணம், அதிலிருந்து வலு" என்று திட்டம் போடுவதில் பயனில்லை. கடைசியில் கே1 மட்டும் நிற்கும்.

18 சதவீதம் தாங்கும், 10 முதல் 35 டிகிரி வரை ஓடும். ஏசி இல்லாத கோடை வீட்டில் துணிந்து போடக்கூடியது இந்த ஐந்தில் இது ஒன்றுதான். ஆனால் அதன் அழகு தெரிவது 16 டிகிரிக்குக் கீழே; பூ மணம் வரும். இசி-1118-இன் உறுதியும் கொஞ்சம் வாசனையும் சேர்ந்து வேண்டும் என்றால் இதுதான்.

தமிழ்க் கடைகளில் கிடைக்கிற 850 கிராம் மாம்பழக் கூழ் டின்னுக்கு இது பொருத்தம். 4.5 லிட்டருக்கு இரண்டு டின். வாங்குமுன் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் முன்பே சேர்த்திருக்கும். கூழைச் சுமார் இரண்டரை லிட்டர் நீரில் கரைத்து, பெக்டிக் என்சைம் இரண்டு டீஸ்பூன் போட்டு ஒரு நாள் விட்டு, துணியில் கொஞ்சம் வடிகட்டி, வடிந்த தெளிவில் ஹைட்ரோமீட்டரை விடுங்கள். கூழிலேயே விட்டால் மிதக்கும் நார் அதைத் தூக்கிப் பிடித்து அதிகம் காட்டும். 1.085 வரும்வரை சர்க்கரை. இதை ஜாடியில் போடாதீர்கள். கூழை மேலே தள்ளிக்கொண்டு எழும்பி ஏர்லாக்கை அடைத்துவிடும். அடைந்தால் மூடி பறக்கும், கூரையில் மஞ்சள் கறை. 8 லிட்டர் வாளியில் முதல் ஐந்தாறு நாள், தினம் இரண்டு வேளை கிளறல், பிறகு துணியில் வடித்து ஜாடிக்கு மாற்றுங்கள். மண்டி மூன்றில் ஒரு பங்கு வரும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கையில் நிற்பது மூன்று லிட்டர் சொச்சம்.

டி47, ஆர்சி212

டி47 ரோன் பகுதியின் சூஸ்-லா-ரூஸிலிருந்து வந்தது. வெள்ளை ஒயினுக்கும் தேன் ஒயினுக்கும் பெயர்போனது. வாய்க்குள் ஒரு கனம், வழவழப்பு தரும். மண்டிமேல் இரண்டு மூன்று மாதம் விட்டு, வாரம் ஒருமுறை நீளக் கரண்டியால் மண்டியைக் கிளப்பிவிட்டால் அது இன்னும் கூடும். ஆனால் 20 டிகிரிக்கு மேல் இதை விடாதீர்கள், குறிப்பாகத் தேனில். தொண்டையைச் சுடுகிற, நெயில் பாலிஷ் நீக்கியை நினைவூட்டுகிற முரட்டு ஆல்கஹால்கள் வரும், அவை ஆற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். 15 முதல் 19 டிகிரி தர முடியாத வீட்டில் இந்தப் பாக்கெட்டை வாங்குவதே வீண். அறை 19 காட்டினால் 23 லிட்டர் வாளிக்குள் சில டிகிரி அதிகம் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், நொதித்தல் தானே சூடு கிளப்புகிற வேலை. வாளியைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, மேலே ஈரத்துணி சுற்றுவது போதுமான வைத்தியம்.

ஆர்சி212 பர்கண்டியிலிருந்து வந்தது, சிவப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்க வைக்கிறவர்களுக்கு. நிறத்தைப் பிடித்து நிறுத்தும். டொரண்டோவில் செப்டம்பர் வந்தால் இத்தாலியக் குடும்பங்கள் கலிபோர்னியாத் திராட்சையை 36 பவுண்டுப் பெட்டிகளில் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 16 கிலோப் பெட்டி ஒன்றில் 9, 10 லிட்டர் ஒயின் வரும். அதற்கு இந்த ஈஸ்ட் சரி, 22 முதல் 28 டிகிரியில், மேலே மிதக்கும் தோலை நாளுக்கு மூன்று முறை அமுக்கிவிட்டு. தீனி கேட்பதில் மட்டும் இது ஐந்திலும் பெருந்தீனிக்காரன். கொடுக்காவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாளே கூமுட்டை நாற்றம். கிட்டில் வரும் சாற்றுக்கோ, ஆப்பிளுக்கோ இதை வாங்குவதில் அர்த்தமில்லை.

பாக்கெட்டை விட முக்கியமான இரண்டு

ஈஸ்டின் பெயரைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகும், ஒயின் கெடுவது பெரும்பாலும் பெயரால் அல்ல. எழுப்பிய விதமும் தீனியும்தான் காரணம். உறையின் பின்னால் அச்சடித்த சில வரிகள் இதற்குப் போதாது.

எழுப்புவது: 50 மி.லி. குழாய் நீரைக் கொதிக்க வைத்து, 35 முதல் 40 டிகிரிக்கு ஆறவிட்டு, ஈஸ்டை மேலே தூவுங்கள். தெர்மாமீட்டர் வைத்தே அளந்து பாருங்கள், கையால் பார்ப்பது நம்ப முடியாது. 15 நிமிடம் கழித்து மெல்லக் கலக்குங்கள். அரைமணிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. காய்ந்த ஈஸ்ட் செல்லின் சவ்வு ஓட்டையாக இருக்கும், வெதுவெதுப்பான நீரில்தான் அது சரியாக மூடிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருப்பது கசிந்து கணிசமான பங்கு செத்துப்போகும். காய்ச்சி வடித்த நீர் வேண்டாம், தாது உப்பு இல்லாத நீரிலும் அதே கசிவு. பிறகு சாற்றுக்கும் ஈஸ்ட் கரைசலுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நேரே ஊற்றக்கூடாது. சாற்றில் இரண்டு கரண்டி எடுத்துக் கரைசலில் விட்டு, ஐந்து நிமிடம், மறுபடி இரண்டு கரண்டி, இப்படி இறக்கிக்கொண்டு வரவேண்டும்.

கிட்டில் "சாற்றின்மேல் தூவு" என்றுதான் எழுதியிருக்கிறது என்பீர்கள். 1.080 அடர்த்தியில், 22 டிகிரியில், இசி-1118-க்கு அது நடக்கும், ஏனென்றால் பாதி செத்தாலும் மிச்சம் போதும். 1.110 சாற்றில் 71பி-யைத் தூவுவது சூதாட்டம்.

கேம்டன் போட்ட சாற்றில் 24 மணி நேரம் கழித்தே ஈஸ்ட். அவசரப்பட்டால் காட்டு ஈஸ்டுக்கு வைத்த மருந்து காசு கொடுத்து வாங்கியதையும் கொல்லும்.

தீனி என்பது நைட்ரஜன். திராட்சையில் ஓரளவு இருக்கும், ஆப்பிளில் குறைவு, தேனில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சர்க்கரைத் தண்ணீர் சேர்த்து நீட்டிய பழ ஒயின் எல்லாமே பட்டினிக் கேஸ்தான். ஃபெர்மெய்ட்-கே என்ற கலவை இதே நிறுவனத்தின் சரக்கு, அளவு லிட்டருக்கு 0.25 கிராம். 4.5 லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். நொதித்தல் தொடங்கி ஒரு நாள் ஆனதும் பாதி, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் மீதி. தேன் ஒயினுக்கும் ஆர்சி212-க்கும் இதோடு டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட், நைட்ரஜன் தரும் உப்பு) லிட்டருக்கு அரை கிராம் சேர்க்கலாம். ஆல்கஹால் 9 சதவீதம் தாண்டிய பிறகு டிஏபி போடுவது வீண், ஈஸ்ட் அதை உள்ளே எடுத்துக்கொள்ளாது, மிஞ்சியதைக் கெட்ட கிருமி தின்னும். ஈஸ்ட் எழுப்புகிற நீரில் டிஏபி எக்காரணம் கொண்டும் கூடாது, கசியும் சவ்வுக்கு அது விஷம். இன்னொன்று, வாயு நிறைந்த ஜாடியில் பொடியை நேரே கொட்டினால் பால் பொங்குகிற மாதிரி பொங்கித் தரையெல்லாம் ஒயின். முதலில் மெல்லக் கலக்கி வாயுவை விடுவித்து, பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

கூமுட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை, தாமதிக்கவும் கூடாது. முதல் பாதியில் வந்தால் தீனி கொடுத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப்பட வையுங்கள், ஒரு நாளில் போகும். முடிந்த பிறகு வந்தால் உடனே மண்டியிலிருந்து வடித்து மாற்றுங்கள். செம்புக் கம்பியைப் போட்டுக் கலக்கு என்று சொல்பவர்கள் உண்டு. வாடை போவது உண்மை, எவ்வளவு செம்பு கரைந்தது என்பது வீட்டில் அளக்க முடியாதது, அதனால் வேண்டாம்.

நின்றுபோனதை எழுப்ப

இங்கேதான் இசி-1118 தன் விலையை மூன்று மடங்காகத் திருப்பித் தருகிறது. முதலில் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஏர்லாக் குமிழி விடாதது சாட்சி ஆகாது, மூடி கசிந்தாலும் குமிழி வராது. ஹைட்ரோமீட்டரைச் சுழற்றிவிட்டு, ஒட்டிய குமிழ்கள் விலகியதும் படியுங்கள். மூன்று நாள் ஒரே எண், அதுவும் 1.000-க்கு மேல் என்றால் நின்றுவிட்டது.

அதன்மேல் புது பாக்கெட்டைக் கிழித்துத் தூவுவது ஈஸ்டைக் கொலை செய்வதற்குச் சமம். 10 சதவீத ஆல்கஹாலில், சர்க்கரை மிச்சத்தில், தீனி இல்லாத இடத்தில் காய்ந்த செல் விழுந்தால் பிழைக்காது. ஒயினை மண்டியிலிருந்து வடித்து 20 முதல் 22 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். ஈஸ்டை மேலே சொன்ன மாதிரி எழுப்பி, பாதி தண்ணீர் பாதி பழச்சாறாக 100 மி.லி.யில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு சிட்டிகை ஃபெர்மெய்ட்டும் சேர்த்து அதில் விடுங்கள். நுரைத்து எழுந்ததும் நின்றுபோன ஒயினிலிருந்து 150 மி.லி. எடுத்து அதில் சேருங்கள். அது மறுபடி குமிழி விடும்வரை பொறுத்து 300, பிறகு 600. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில மணி நேரம் ஆகும். ஒன்றரை நாளில் ஒரு லிட்டருக்கு மேல் துடிப்பான ஈஸ்ட் கையில் இருக்கும், மீதி ஒயினை அதில் ஊற்றுங்கள். ஒயினை ஈஸ்டில் ஊற்றிப் பழக்க வேண்டும், முறையை மாற்றினால் மறுபடி படுத்துவிடும். இதற்கு கே1-உம் ஆகும். 71பி, டி47 ஆகாது.

எதை வாங்குவது

ஆப்பிள், பிளம், செர்ரி போடுகிறவர் 71பி இரண்டு, இசி-1118 ஒன்று. மாம்பழம், பீச், கோடையில் போடுவது எல்லாவற்றுக்கும் கே1. தேன் ஒயினும், குளிர்ந்த நிலவறையும் இருந்தால் டி47. திராட்சைப் பெட்டி தூக்குகிறவர் ஆர்சி212-ஓடு டிஏபியும் சேர்த்து வாங்க வேண்டும், தனியாக வாங்கினால் மூக்குதான் தண்டனை அனுபவிக்கும். கிட்டில் வந்த இசி-1118-ஐ எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அதிலுள்ள வெள்ளை ஒயின் சாற்றுக்கு கே1 போட்டு 16 டிகிரியில் விட்டுப் பாருங்கள், அதே பெட்டி வேறு ஒயின் ஆகும். நாள் சில அதிகம் பிடிக்கும், கிட் தாளில் எழுதிய தேதிகளைப் பார்க்காமல் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து அடுத்த படிக்குப் போங்கள்.

ரொட்டி ஈஸ்ட் போதாதா என்று கேட்பவர்களுக்கு: புளிக்கும், பல நேரம் 10, 12 சதவீதத்தில் மூச்சு வாங்கும், மண்டி கெட்டியாகப் படியாமல் ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் எழும்பி வரும். சில டாலர் மிச்சம் பிடித்து, 4 லிட்டர் சாற்றைக் கலங்கலாக்குவதில் லாபமில்லை.

பாக்கெட்டுகளை ஃபிரிட்ஜில் வையுங்கள். வாங்கும்போது தேதியைப் பாருங்கள், கடையில் ஜன்னலோர வெயிலில் தொங்குவதை எடுக்காதீர்கள். தேதி தாண்டிய பாக்கெட் ஒன்று கிடந்தால் 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டுப் பாருங்கள். அரைமணிக்குள் நுரை கட்டினால் 4.5 லிட்டர் ஜாடிக்குத் தாராளமாக ஓடும், 23 லிட்டருக்கு நம்ப வேண்டாம். அசையாமல் கிடந்தால் அதையும் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியதும் அடுத்த ஜாடிச் சாற்றில் ஊற்றுங்கள். செத்த ஈஸ்ட், உயிருள்ள ஈஸ்டுக்கு நல்ல தீனி.